ஆக்லியின் முகம்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். வயசு பதினேழு. என்னிடம் புஸ்தகம் வாங்கிப் படிக்கிற பழக்கம் உள்ளவன். படித்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த புஸ்தகத்தை எடுப்பான். அவன் சொல்கிற அந்த இரண்டு வார்த்தை, பத்திரிகைகளில் வருகிற மதிப்புரைகள் பலவற்றை விடப் பிரயோஜனமாக இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஜே. டி. சாலிஞ்சர் எழுதிய 'தி கேட்சர் இன் தி ரை' என்ற அமெரிக்க நாவலை எடுத்துக்கொண்டு போனான். அந்த வயசில் படிக்க வேண்டிய புஸ்தகம் என்று நானேதான் சிபாரிசு செய்திருந்தேன். மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

"எப்படிடா இருந்தது?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு, மாமா."

தமிழில் 'நல்லா இருக்கு' என்பது ஒன்று. 'நல்லாத்தான் இருக்கு' என்பது வேறு. அந்தத் 'தானு'க்குப் பின்னால் ஓர் 'ஆனால்' ஒளிந்துகொண்டிருக்கும். அது வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பக்கத்து ரூம் பையன் வரானே, ஆக்லி. அவனைப் பத்தி எழுதினதையெல்லாம் படிச்சப்போ நீங்க சிரிச்சீங்களா, மாமா?"

"சிரிச்சேன்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வேறு புஸ்தகம் எடுக்காமலே போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. இரண்டு வருஷமாக அந்தப் பையனுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பரு. சாதாரணமாக வந்து போகிற பரு அல்ல. சிவந்து, கட்டியாகி, வடுவை விட்டுப் போகிற ரகம். புஸ்தக அலமாரியில் தேடும்போது அவன் ஜன்னல் வெளிச்சம் படாத பக்கமாகவே நிற்பான். பேசும்போது ஒரு கை தாடையை மூடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கண் பார்த்திருக்கிறது, மனசு கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, சென்ற பொங்கலன்று அவன் தாயார் எதிரிலேயே, "என்னடா இது, கன்னமெல்லாம் இப்படி வெடிச்சுக் கிடக்கு? வறுத்தது பொரிச்சதைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று நான் உபதேசம் செய்திருக்கிறேன். அக்கறை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் சிரித்தபடி உள்ளே போனான். அன்றைக்குச் சாப்பிட வெளியே வரவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே அந்த நாவலை மறுபடியும் எடுத்தேன். இம்முறை கதாநாயகனுக்காகப் படிக்கவில்லை. பக்கத்து அறைப் பையனுக்காகப் படித்தேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1951-ல் வெளியான புஸ்தகம் இது. சாலிஞ்சருக்கு அப்போது வயசு 32. பென்ஸில்வேனியாவில் பென்ஸி என்ற கற்பனையான விடுதிப் பள்ளிக்கூடம். பரீட்சைகளில் தவறியதற்காக அங்கிருந்து நீக்கப்பட்ட ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற பதினாறு வயசுப் பையன், வீட்டுக்கும் போகாமல் நியூயார்க்கில் இரண்டு மூன்று நாள் சுற்றி அலைந்ததைத் தானே சொல்கிறான். பெரியவர்களின் உலகம் போலி என்பது அவன் கட்சி. பல கோடிப் பிரதிகள் விற்ற புஸ்தகம். உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற பையனும், 'இவன் என்னைப் பற்றியல்லவா பேசுகிறான்!' என்று ஹோல்டனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. என் பக்கத்துத் தெருப் பையன்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் மட்டும் சேர்த்துக்கொள்ள முயன்று, வாசற்படியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறான். அந்தப் படியின் பெயர் ராபர்ட் ஆக்லி.

ஆக்லி வருவது ஆரம்ப அத்தியாயங்களில் மட்டும்தான். விடுதியில் இரண்டு அறைக்கு நடுவே ஒரு குளியலறை. அதன் வழியாகத் திரையை விலக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு எண்பத்தைந்து தடவை ஹோல்டனின் அறைக்குள் நுழைகிறவன் அவன். பதினெட்டு வயசு. ஆறடிக்கு மேல் நாலு அங்குல உயரம். கூன் விழுந்த தோள். பல் தேய்க்கிற வழக்கம் இல்லை. முகம் பூராவும் பரு. மற்றவர்களைப் போல நெற்றியிலோ தாடையிலோ மட்டும் இல்லை, முகம் பூராவும் என்று ஹோல்டன் அழுத்திச் சொல்கிறான். அவனுடைய குணமும் ரொம்ப நல்ல குணம் இல்லை என்று கூடவே சேர்த்துக்கொள்கிறான்.

இங்கேதான் நான் சிரித்திருக்கிறேன். யாரும் சிரிப்பார்கள். சாலிஞ்சர் அவ்வளவு லாகவமாக எழுதுகிறார். ஆக்லி மேஜை மேல் இருப்பதை எல்லாம் எடுத்துப் பார்ப்பான், வேறு இடத்தில் வைப்பான். பிறத்தியார் அறையின் தரையில் நகத்தை வெட்டிப் போடுவான். படிக்க விடமாட்டான். போகச் சொன்னால் போகமாட்டான். இப்படி ஒருவனை நாம் எல்லோரும் விடுதியிலோ, அலுவலகத்திலோ, ரயிலிலோ சந்தித்திருக்கிறோம். சிரிப்பு தானாக வருகிறது.

ஆனால் சிரிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், அது முகத்தில் ஆரம்பித்துக் குணத்தில் போய் முடிகிறது. முதலில் பரு, அப்புறம் அழுக்கு, அப்புறம் கெட்ட சுபாவம். மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே பையன் மேல் ஏற்றியிருக்கிறது. இந்த வரிசையை நாம் கேள்வி கேட்பதில்லை. கேட்கவிடாமல் ஹோல்டனின் குரல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஹோல்டனின் உடம்பிலும் ஒரு விசித்திரம் உண்டு. தலையின் வலது பக்கம் முழுவதும் நரைமயிர். சிறு வயசிலிருந்தே அப்படி. அதை அவன் தன் வாயாலேயே, வேடிக்கையாக நமக்குச் சொல்லிவிடுகிறான். தானே சொல்லிக்கொள்கிற குறை ஒரு அலங்காரம் மாதிரி. மற்றவன் சொல்கிற குறை அப்படி இல்லை. ஆக்லியின் முகத்தைப் பற்றி ஆக்லி என்ன நினைத்தான் என்று சொல்ல நாவலில் அவனுக்கு ஒரு வரி கூட இல்லை. அவன் பார்க்கப்படுகிறவன், பேசப்படுகிறவன். பரு வந்த பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற இருப்பும் இதுதான் அல்லவா? அவனுடைய முகத்தைப் பற்றி அவனைத் தவிர எல்லோருக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு.

இவ்வளவோடு நின்றிருந்தால் சாலிஞ்சரை ஒரு கெட்டிக்காரப் பரிகாசக்காரர் என்று சொல்லிவிட்டு நான் போயிருப்பேன். ஆனால் இம்முறை படித்தபோது, ஹோல்டன் கண்டும் காணாமல் தாண்டிப் போகிற சில இடங்கள் கண்ணில் பட்டன. அவற்றை ஆசிரியர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

ஒன்று. கதை தொடங்குகிற சனிக்கிழமை, பள்ளிக்கூடமே கால்பந்துப் பந்தயத்துக்குப் போயிருக்கிறது. விடுதியில் போகாதவர்கள் ஏறக்குறைய இரண்டே பேர்: ஹோல்டன், ஆக்லி. ஹோல்டன் போகாததற்கு ஒரு தத்துவம் இருக்கிறது. ஆக்லிக்குத் தத்துவம் கிடையாது. அவன் எங்கேயுமே போவதில்லை, அவ்வளவுதான். ஒரே தனிமை, ஒருவனிடத்தில் கவிதையாகவும் மற்றவனிடத்தில் கேலிக்கூத்தாகவும் தெரிகிறது.

இரண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் இருந்தும் அவனை ஒருவர் கூடச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் 'ஆக்லி'தான். கல்யாணம் செய்துகொண்டால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று ஹோல்டன் ஹாஸ்யம் செய்கிறான். நாலு வருஷம்! பதினாலிலிருந்து பதினெட்டு வரை. ஒரு பையனுக்கு ஒரு சிநேகிதன் வாய்க்க வேண்டிய காலம் பூராவும்.

மூன்று. போன கோடையில் ஒரு பெண்ணோடு தனக்கு நேர்ந்ததாக ஆக்லி ஒரு கதை வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் இடமும் விவரமும் மாறும். அது பொய் என்று ஹோல்டனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். பொய்யை எண்ணிச் சிரிக்கிறோம். ஏன் அந்தப் பொய் அவனுக்குத் தேவைப்படுகிறது என்று கேட்பதில்லை.

நாலாவதுதான் என்னை நிறுத்தியது. ஹோல்டன் தன் அறைத் தோழன் ஸ்ட்ராட்லேட்டரோடு சண்டை போட்டு, மூக்கில் ரத்தம் ஒழுக, துணைக்கு ஆள் தேடி நடு இரவில் ஆக்லியின் அறைக்குப் போகிறான். இருட்டு. ஆக்லி படுக்கையிலிருந்து எழுந்து சாய்ந்துகொள்கிறான். முகம் முழுக்க வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறான், பருவுக்கு மருந்து. இருட்டில் பார்க்க ஆவி மாதிரி இருக்கிறது. ஹோல்டனுக்கு அது ஒரு நொடி வேடிக்கை. அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. தன்னைப் பற்றி எதையும் பொருட்படுத்தாதவன், அழுக்கன், முரடன் என்று இதுவரை நமக்குக் காட்டப்பட்ட பையன், எல்லோரும் தூங்கின பிறகு கண்ணாடி முன் நின்று முகம் பூராவும் மருந்து தடவிக்கொண்டு படுத்திருக்கிறான். அந்த நாளில் அமெரிக்காவில் பருவுக்குப் பெரும்பாலும் கந்தகமும் ரிசார்சினாலும் கலந்த களிம்புகள்தாம். கடுமையாக இருந்தால் முகத்தில் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சுகிற வைத்தியம் கூட நடந்தது. ஆக்லியின் களிம்பு இன்னதென்று நாவல் சொல்லவில்லை. தினம் பூசினானா என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு இரவுக்கு ஒரு நம்பிக்கை என்று வைத்துக்கொண்டால், நாலு வருஷத்துக்கு எத்தனை நம்பிக்கை! காலையில் எழுந்தவுடன் எத்தனை ஏமாற்றம்!

ஹோல்டனுக்கு இரக்கமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்று மாலை அவனும் மால் பிராஸர்ட் என்ற தோழனும் ஊருக்குள் சினிமாவுக்குப் புறப்படும்போது, ஆக்லியையும் அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவன் ஹோல்டன்தான். சனிக்கிழமை இரவுகளில் அறையில் உட்கார்ந்து பருவைக் கிள்ளுவதைத் தவிர ஆக்லிக்கு வேறு வேலை கிடையாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆக்லி கிளம்புவதற்கு வெகுநேரம் ஆகிறது. அதுவரை ஹோல்டன் ஜன்னலைத் திறந்து ஒரு பனியுருண்டை பிடிக்கிறான். எதிரே நிற்கிற கார் மேல் எறியப் பார்க்கிறான். அது வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது, மனசு வரவில்லை. தண்ணீர்க் குழாய் மேல் எறியப் பார்க்கிறான், அதுவும் அப்படியே. கடைசியில் எறியாமலே விட்டுவிடுகிறான். விமரிசகர்கள் இந்த இடத்தில் ஹோல்டனின் மென்மையான உள்ளத்தைக் கண்டு உருகுவார்கள். நானும் உருகியவன்தான். இம்முறை வேறொன்று தோன்றியது. மாசு மறுவற்ற வெள்ளை மேல் கல்லெறியக் கை வராத இந்தப் பையன், சுவருக்கு அந்தப் பக்கம் புறப்பட்டுக்கொண்டிருக்கிறவனின் முகத்தின் மேல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் எறிந்துகொண்டே இருக்கிறான். அழகானதற்கு இரங்குவது சுலபம் என்று சாலிஞ்சர் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

அழுக்கு விஷயத்திலும் அப்படித்தான். ஸ்ட்ராட்லேட்டர் பார்வைக்கு மன்மதன். ஆனால் அவன் சவரம் செய்துகொள்கிற கத்தி துருப்பிடித்து, நுரையும் மயிரும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அசுத்தம் என்று ஹோல்டனே கண்டுபிடித்துச் சொல்கிறான். சுத்தமான முகத்துக்குப் பின்னால் அழுக்குக் கத்தி இருக்கலாம் என்று கண்டவனுக்கு, பரு நிறைந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை.

பருவும் அழுக்கும் ஒன்று என்பது ஹோல்டனின் காலத்து நம்பிக்கை மட்டும் அல்ல. நம் வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. 'முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவு' என்கிறோம். உண்மையில் இளம்பிராயத்தில் உடம்பில் ஆண்ட்ரோஜன் என்ற சுரப்பு ஏறும்போது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகின்றன. மயிர்க்கால்களின் வாய், உதிர்கிற தோல் அணுக்களால் அடைபடுகிறது. அடைபட்ட எண்ணெயில், எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழ்கிற ஒரு கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. கருமையாகத் தெரிகிற முள் கூட அழுக்கு அல்ல. தோலின் நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்தது. அழுத்தித் தேய்த்தால் புண்தான் அதிகமாகும். 12 வயசிலிருந்து 24 வயசுக்குள் நூற்றுக்கு 85 பேர் வரை ஏதாவது ஓர் அளவில் இதை அநுபவிக்கிறார்கள் என்பது வைத்திய நூல்களின் கணக்கு. அத்தனை பேருக்கும் வருவதை, அவனவன் குற்றம் மாதிரி அவனவன் முகத்தில் எழுதிப் படிக்கிறோம்.

இதனால் மனசுக்கு என்ன ஆகிறது என்பதைச் சாலிஞ்சர் எழுதி அறுபது வருஷம் கழித்து ஒரு கணக்கெடுப்பு சொன்னது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 18, 19 வயசுள்ள 3,775 பேரைக் கேட்டு எழுதி 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. நூற்றுக்குப் 14 பேர் தங்களுக்குக் கணிசமான பரு உண்டு என்றார்கள். அவர்களிடையே, தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன பெண்கள், பரு இல்லாத பெண்களைப் போல் இரண்டு மடங்கு. பையன்கள் மூன்று மடங்கு. சிநேகிதர்களோடு ஒட்டுதல் குறைவு, பள்ளிக்கூடத்தில் மனம் பொருந்தவில்லை, காதல் அநுபவமே இல்லை என்று சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பருதான் இத்தனைக்கும் காரணம் என்று கணக்கு நிரூபித்துவிடாது. இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்றுதான் சொல்லும். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிநேகிதன் இல்லை, பள்ளிக்கூடத்தில் பொருந்தவில்லை, காதல் இல்லை. இது ஆக்லியின் ஜாதகம் அல்லவா! பெண்ணைப் பற்றிய அந்தப் பொய்க் கதை வரைக்கும் பொருந்துகிறது. பையன்களுக்கு மூன்று மடங்கு என்பதையும் கவனிக்க வேண்டும். பெண் குழந்தை முகத்துக்காக அழுதால் தாயார் சமாதானமாவது சொல்கிறாள். பையன் அழுதால், 'ஆம்பிளைக்கு எதுக்குடா இந்தக் கவலை' என்கிறோம். அவன் அழுகையை முரட்டுத்தனமாக மாற்றிக்கொள்கிறான். பிறகு அந்த முரட்டுத்தனத்தைப் பார்த்து, 'முகத்துக்கு ஏற்ற குணம்' என்கிறோம்.

ஆகவே ஆக்லியின் கெட்ட குணம் பருவோடு கூடப் பிறந்தது அல்ல, நாலு வருஷம் அவனைப் பார்த்த பார்வையால் விளைந்தது என்று வாசிக்க நாவல் இடம் தருகிறது. ஸ்ட்ராட்லேட்டர் இருந்தால் ஆக்லி அந்த அறைக்குள் வரமாட்டான். அழகனை அவனுக்குப் பிடிக்காது. அநேகமாக யாரையுமே பிடிக்காது. அப்படியும் ஒரு நாளைக்கு எண்பத்தைந்து தடவை ஒருவன் அறைக்கு வருகிறானே, எதற்கு? மேஜை மேல் இருக்கிற சாமானை எடுத்து எடுத்துப் பார்க்கிறானே, எதற்கு? கையில் ஒரு பொருள் இருந்தால் நிற்பதற்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. போகச் சொன்னாலும் போகாமல் நிற்கிறவன், போனால் எங்கே போவான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அப்படியானால் சாலிஞ்சர் குற்றமற்றவரா? அதையும் நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சியங்களை வைத்திருக்கிறார், உண்மை. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு பையனின் கேள்வியும் வேண்டியிருந்தன. பருவை மட்டும் கொடுத்து, பல்லை விட்டுவைத்திருக்கலாம். பல்லையும் கெடுத்து, முதுகையும் வளைத்து, நகத்தையும் வெட்டிப் போடவைத்து, எல்லா அருவருப்பையும் ஒரே முகவரிக்கு அனுப்பிவைத்ததில், கதை சொல்லிகளின் பழைய சோம்பேறித்தனம் இருக்கிறது. வில்லனென்றால் கன்னத்தில் தழும்பு. கஞ்சனென்றால் அம்மைத் தழும்பு. கதாநாயகி என்றால் சந்திரபிம்பம். முகத்தைப் பார்த்தவுடன் குணம் தெரிந்துவிட்டால் எழுத்தாளனுக்கு நாலு பக்கம் மிச்சம். நான் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. என் நாவல் ஒன்றில் வட்டிக்கடைக்காரனுக்குக் குழி விழுந்த கன்னம் வைத்திருக்கிறேன். எதற்காக வைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். காரணம் ஒன்றும் அகப்படவில்லை. கை பழக்கம்.

இந்தப் பழக்கம் மாறிவருகிறது என்பதற்கு இரண்டு சினிமாக்களைச் சொல்லலாம். 2015-ல் வந்த 'பிரேமம்' என்ற மலையாளப் படத்தில், தமிழ் பேசும் ஆசிரியை மலராக சாய் பல்லவி கன்னத்துப் பருவை ஒப்பனையால் மறைக்காமலே நடித்தார். படம் சென்னையிலும் மாதக்கணக்கில் ஓடியது. அந்தக் கன்னங்களைப் பார்த்துத் தைரியம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நல்ல காரியம். என்றாலும் அதில் பரு அழகியின் முகத்தில், காதலனின் கண் வழியாக வருகிறது; பருவும் அழகுதான் என்று சொல்கிறது. எல்லோருக்கும் அந்தக் கண் கிடைத்துவிடாது.

அமெரிக்காவில் போ பர்ன்ஹாம் எடுத்து 2018-ல் வெளிவந்த 'எய்த் கிரேட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது என்பது என் அபிப்பிராயம். கேலா என்ற பதின்மூன்று வயசுப் பெண்ணாக எல்ஸி ஃபிஷர் நடித்திருக்கிறாள். நடித்தவளும் அந்தப் பிராயத்துப் பெண்தான். பரு அவள் முகத்தில் இருந்தபடியே படத்திலும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் வெகுநேரம் ஒப்பனை செய்துகொண்டு, திரும்பவும் படுக்கையில் போய்ப் படுத்து, இப்போதுதான் கண் விழித்தவள் மாதிரி ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறாள். ஆக்லியின் நடு இரவுக் களிம்பையும் கேலாவின் காலை ஒப்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில் 67 வருஷம். ஆக்லி கண்ணாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் பயப்பட்டால் போதும்; கேலா கையில் இருக்கிற டெலிபோனுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கேலாவின் கதையைச் சொல்லிச் சிரிக்க அங்கே ஹோல்டன் இல்லை. நீச்சல் குளத்துக்குப் போக உடை மாற்றிக்கொண்டு, குளியலறையில் மூச்சுத் திணற அவள் தனியாக நிற்கும்போது, நாமும் உள்ளே நிற்கிறோம். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது. ஆக்லிக்குக் கிடைக்காதது அதுதான்.

பருவுக்கு இன்று நல்ல வைத்தியம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடுமையான பருவுக்கென்று 1982-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்ற ஐஸோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை, வடு விழாமல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கர்ப்பத்திலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு செய்யக்கூடியது. தோல் வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு மாமி சொன்னாள் என்று மருந்துக் கடையில் வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு களிம்புகளோ முதலில் பளபளப்பைக் காட்டிவிட்டுப் பிறகு முகத்தையே கெடுத்துவிடும். பையன் வெட்கத்தினால் வைத்தியரிடம் போகமாட்டான். 'வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்' என்று நாம் அழைத்துப் போகமாட்டோம். பரு தானாகப் போய்விடலாம். நாலு வருஷம் தானாகத் திரும்பி வருமா?

நாவலின் கடைசிக்கு வருகிறேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஹோல்டன் ஒன்று ஒப்புக்கொள்கிறான்: யார் யாரைப் பற்றி இதுவரை பேசினானோ அவர்கள் எல்லோருடைய பிரிவும் தன்னை வாட்டுகிறது என்கிறான். அந்த இடத்தில் பெயர் சொல்லி நினைத்துக்கொள்கிற இரண்டு மூன்று பேரில் ஆக்லியும் ஒருவன். தங்கை பெயரை எடுக்கவில்லை, நியூயார்க்கில் சந்தித்த பெண்களின் பெயரை எடுக்கவில்லை. ஆக்லியின் பெயரை எடுக்கிறான். ஒருவனைப் பற்றி முழுக்கப் பேசி முடித்தால் அவன் மேல் பாசம் வந்துவிடுகிறது என்பது கதை சொல்லுகிற தொழிலின் ரகசியம். ஹோல்டனுக்கு அது ஏழெட்டு அத்தியாயத்தில் தெரியவில்லை. புஸ்தகம் முடியும்போது தெரிந்துவிட்டது. எனக்கு அவனை விட நாள் பிடித்தது.

போன வாரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தாயாரிடம் தனியாக, நல்ல தோல் டாக்டராகப் பார்த்து அழைத்துப் போகும்படி சொன்னேன். பிறகு அவனைக் கூப்பிட்டு, "நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். படிச்சுப் பாரு" என்று இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். தன்னைப் பற்றியதை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன்.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றும் எடுக்கச் சொல்லவில்லை.

"நல்லா இருக்கு, மாமா" என்றான்.

'தான்' போடவில்லை. அலமாரிப் பக்கம் போய் ஒரு புஸ்தகம் எடுத்துக்கொண்டான். ஜன்னல் இருக்கிற பக்கமாக நின்றானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று இருந்துவிட்டேன்.